இரண்டு ரிங்கிட் சாலை வரியும் நாம் பார்க்காத ஒப்பந்தமும்

பினாங்கின் பாகான் டாலாமில் எங்கள் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு, மடிக்கணினி ஒன்றும் சிறிய அச்சுப்பொறி ஒன்றும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் நண்பர்கள் இருவரும் உட்காரத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அரசாங்கத்தின் இணையச் சேவைகளைத் தாமாகப் பயன்படுத்த இயலாதவர்களுக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வெளியேறி, பிறையிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும்; அதற்குள் அடையாள அட்டையின் நகல், பிறப்புப் பத்திரம், மை மங்கிய ரசீதுகள், படித்துச் சொல்ல ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த ஏதோ ஓர் இலாகாவின் கடிதம் ஆகியவை இருக்கும்.

2022ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அம்மா அப்படி ஓர் உறையுடன் வந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய பேரன் வேலைக்குப் போய்வரும் 110 சிசி மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி புதுப்பிக்க வேண்டியிருந்தது. தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரு தனியார் நிறுவனத்தின் தளத்தில் காப்புறுதியையும் வரியையும் சேர்த்துச் செய்து கொடுத்திருக்கிறான். சேவைக் கட்டணமும் அஞ்சல் கட்டணமும் சேர்ந்து வரியைப் போலப் பல மடங்கு ஆகியிருந்தன. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆனால் வண்டியில் ஒட்ட வேண்டிய சாலை வரி வில்லை வரவில்லை என்பதுதான் அவருடைய கவலை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்பில் கேட்டபோது, தங்கள் பதிவில் எதுவும் இல்லை, நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தின் தொலைபேசியில் நெடுநேரம் காத்திருந்து ஒரு மனிதக் குரலை எட்டியபோது, இலாகாவின் அமைப்பிலிருந்து பதில் வரவில்லை, அங்கே கேளுங்கள் என்றது அந்தக் குரல். இரண்டு முறை பேருந்தேறிப் போய்வந்த பிறகு எங்கள் மேசைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நான் யார்கிட்ட காசு கட்டுனேன்? கவர்மெண்டுகிட்டயா, கம்பெனிகிட்டயா?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அரசாங்கத் திட்டங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் துணைக் குத்தகை நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஒப்பந்தங்களின் இணைப்புத் தாள்களைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு விடை தரும் வரி எதையும் அவற்றில் கண்டதாக நினைவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நம் நாட்டில் அரசாங்கமும் தனியாரும் கைகோத்துச் சேவை தருவது புதிதன்று. 1983இல் மகாதீர் முகமதுவின் அரசாங்கம் தனியார்மயக் கொள்கையை அறிவித்தது. 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது அதன் ஏழு முதன்மைத் திட்டங்களில் மின்னியல் அரசாங்கமும் பல்நோக்கு அட்டையும் இடம்பெற்றன. 1998இல் உலகிலேயே முதன்முதலாகச் சில்லு பதித்த கடப்பிதழை மலேசியா வெளியிட்டது. 2001இல் மைகாட் என்ற சில்லு பதித்த அடையாள அட்டை வந்தது. இரண்டிலும் ஐரிஸ் என்ற உள்நாட்டு நிறுவனத்தின் பங்கு உண்டு. அரசாங்கக் கொள்முதலுக்கான இபெரோலேஹான் அமைப்பைக் காமர்ஸ் டாட் காம் நடத்தியது. சுங்க அறிவிப்புகளை மின்னியல் முறையில் அனுப்பும் வழியை டாகாங் நெட் அமைத்துத் தந்தது.

இந்தக் கடைசி மாற்றத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் தந்தையார் பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். சுங்கப் பாரங்களை நெகிழிக் கோப்பில் வைத்து, மழைக்காக மேலே இன்னொரு பை சுற்றி, படகேறி ஜார்ஜ்டவுனுக்குப் போய், முத்திரை வாங்கி, திரும்பவும் படகேறி வருவார். ஓர் எழுத்து தவறியிருந்தால் மறுநாளும் அதே பயணம். பாரங்கள் கணினி வழியாகப் போகத் தொடங்கிய காலத்தில், மாலை ஐந்தரைக்கே அவர் வீட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்து அம்மா வியந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாலைப் போக்குவரத்து அலுவலக வாசல்களில் நின்ற ‘ரன்னர்’களுக்குக் காசு கொடுத்துக் காரியம் முடித்த தலைமுறைக்கும், வரிசையில் நிற்பதற்காகவே ஒரு நாள் கூலியை இழந்த தொழிலாளிக்கும் இணையச் சேவை பெரிய விடுதலையாக வந்தது. தனியார் முன்பணம் போட்டிராவிட்டால் அந்த வசதிகளில் பல இன்னும் தாமதமாகவே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆகவே, தனியார் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கிறது. சலுகை ஒப்பந்தம் என்று நாம் அழைக்கும் முறையில், அமைப்பைக் கட்டும் செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு கட்டணம் வசூலித்து அந்தச் செலவை மீட்டுக்கொள்ளும். அரசாங்கத்தின் கையில் அன்றைக்குப் பணம் இல்லாவிட்டாலும் சேவை தொடங்கிவிடும் என்பது இதன் பெரிய வசதி. செலவு மறைந்துவிடுவதில்லை; வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டிய தொகை, ஆயிரக்கணக்கான ரசீதுகளின் அடியில் சிறு சிறு கட்டணங்களாகப் பிரிந்துபோகிறது. 2 ரிங்கிட் வரி கட்டுகிறவரும் 2,000 ரிங்கிட் வரி கட்டுகிறவரும் ஏறக்குறைய ஒரே சேவைக் கட்டணத்தைச் செலுத்தும்போது, சிறிய வண்டி வைத்திருப்பவர்தான் அந்த அமைப்பின் செலவைத் தம் வசதிக்கு மீறிச் சுமக்கிறார். வரி விகிதத்தை நிர்ணயித்தவர்கள் ஏழையை நினைத்து 2 ரிங்கிட் என்று வைத்தார்கள். கட்டணத்தை நிர்ணயித்தவர்களுக்கு அந்த நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, சேவையின் தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இது நான் உள்ளிருந்து பார்த்த விஷயம். ஒப்பந்தங்களில் அமைப்பு இயங்கும் நேரம் 99.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது போல எழுதுவார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. அதில் அரை விழுக்காடு என்பது ஏறக்குறைய 44 மணி நேரம். அந்த 44 மணி நேரமும் மாதக் கடைசியில், எல்லோரும் புதுப்பிக்க வரும் நாள்களில் வந்து விழுந்தாலும் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதாகாது. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரம் அந்தக் கணக்கில் சேராதபடி எழுதுவதும் வழக்கம். இதைவிட முக்கியமானது, இயங்குகிறது என்றால் எது இயங்குகிறது என்பது. சர்வர் விழித்திருந்தால் அமைப்பு இயங்குகிறது என்று கணக்கு. கைப்பேசிக்கு வரவேண்டிய குறுஞ்செய்தி எண் வராமல் போனாலும், வங்கியிலிருந்து பணம் போய் இலாகாவின் பதிவில் ஏறாமல் நின்றாலும், அந்த அம்மா இரண்டு முறை பேருந்தேறினாலும் அந்த 99.5 குறைவதில்லை. ஒருவர் தொடங்கிய காரியத்தை முடித்துக்கொண்டாரா என்பதை அளக்கும்படி நான் பணியாற்றிய எந்தத் திட்டத்திலும் யாரும் எங்களைக் கேட்டதில்லை.

மாற்றக் கோரிக்கை என்று இன்னொன்று உண்டு. சட்டமோ கட்டணமோ விண்ணப்பப் பாரத்தின் ஒரு கேள்வியோ மாறினால், இலாகா நிறுவனத்திடம் எழுத்து வழிக் கோரிக்கை வைக்க வேண்டும். நிறுவனம் ஆள் நாள் கணக்கு, அதாவது எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்ற கணக்குப் போட்டு விலை சொல்லும். ஒரு திரையில் தமிழ் மொழியைச் சேர்க்க எத்தனை ஆள் நாள் என்று ஒருமுறை எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் சொன்ன விலையைப் பார்த்ததும் அந்தக் கோரிக்கை அப்படியே நின்றுபோனது. அந்த விலையைக் கணக்கிட்டவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலாய்த் திரையை வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே நிரப்பும்போதெல்லாம் அந்த நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நிறுவனத்தின் வருமானம் எதனுடன் கட்டப்பட்டிருக்கிறதோ அதுவே சேவையின் குணத்தையும் தீர்மானிக்கும். 2012இல் நெடுஞ்சாலைகளில் தானியங்கிக் கேமராக்கள் வந்தபோது, அவற்றை நடத்திய தனியார் நிறுவனங்களின் வருமானம் அனுப்பப்படும் சம்மன்களுடன் இணைக்கப்பட்டிருந்தது. கேமராக்கள் உயிரைக் காப்பாற்றுமா என்ற நல்ல கேள்வி அந்த ஏற்பாட்டுக்குள் மூழ்கிப்போய், யாருக்குக் காசு போகிறது என்பதே நாடு முழுவதும் பேச்சானது. 2015இல் அந்தப் பணியை இராணுவ நிதி வாரியத்தின் வழியாக அரசாங்கத் தரப்பே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொடங்குவதைப் போலவே முடிப்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. குடிநுழைவுத் துறைக்கான புதிய அமைப்பு ஒன்றைக் கட்டி நடத்த 2017இல் 350 கோடி ரிங்கிட் மதிப்பில் 15 ஆண்டுச் சலுகை ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. ஆட்சி மாறிய பின் 2019 ஜனவரியில் அது ரத்து செய்யப்பட்டு, இழப்பீட்டு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2021இல் வேறொரு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 116 கோடி ரிங்கிட்டுக்குப் புதிய ஒப்பந்தம் கிடைத்தது. 2023இல் அதுவும் முடிவுக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை பேனா ஓடியும், முகப்பில் நிற்கும் அதிகாரியின் கையில் பழைய அமைப்புதான் இருந்தது. பிரியும்போது மென்பொருளின் மூல நிரல் யாருக்கு, அதுவரை செய்த வேலையை அடுத்தவர் எடுத்து நடத்த முடியுமா, மாற்றக் காலத்தில் யார் பொறுப்பு என்பவையெல்லாம் கைகுலுக்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டியவை. கல்யாணப் பேச்சில் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒதுக்கும் மனநிலை ஒப்பந்த மேசையிலும் இருக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பெருந்தொற்றுக் காலச் செயலியான மைசெஜாத்ரா இதற்கு நேர் எதிரான உதாரணம். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின் நெருக்கடியில் கேபிஐசாஃப்ட் என்ற நிறுவனம் சமூகப் பொறுப்புத் திட்டமாக, முதல் ஓராண்டுக்குக் கட்டணமின்றி அதைச் செய்து தந்தது. அந்தச் செயலி நம்மில் எத்தனை பேரைக் காத்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தாயாரின் தடுப்பூசி நாளை அதில்தான் பார்த்தேன். ஆனால் 2022இல், நாட்டில் ஏறக்குறைய எல்லோருடைய கைப்பேசியிலும் குடியிருந்த அந்தச் செயலி யாருக்குச் சொந்தம் என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. இலவசமாக வாங்கும்போது ஒப்பந்தம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும், அவசரமும் உண்மைதான். இருந்தாலும் தரவு அரசாங்கத்துடையது என்ற ஒரு பக்கத் தாளையாவது முதல் நாளே எழுதியிருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அமைச்சர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மக்களுக்கு உறுதியளிக்க வேண்டியிருந்திருக்காது.

தனியாரை விலக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2024 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கிய, குடும்பங்களின் சமூக, பொருளாதார விவரங்களைத் திரட்டும் பாடு தரவுத்தளத்தை அரசாங்க ஊழியர்களே உருவாக்கினார்கள். அடையாள அட்டை எண் தெரிந்தால் பிறருடைய கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்ற ஓட்டையைப் பொதுமக்களில் சிலர் முதல் சில நாள்களிலேயே கண்டுபிடித்தனர். அது உடனே அடைக்கப்பட்டது. அடைப்பதற்கு யாரிடமும் விலை கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அதேபோல் 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்டத் தேவையில்லை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்று அறிவித்தார்கள். வில்லையே தேவையில்லை என்றானபோது, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் அஞ்சல் கட்டணத்துக்கும் வேலை இல்லாமல் போனது. இத்தனை காலம் நாம் கட்டணம் கட்டி வாங்கிய ஒரு சேவையை அமைச்சின் ஒரே முடிவு தேவையற்றதாக்கிவிட்டது. ஒரு வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதற்கு முன் அந்த வேலை உண்மையில் தேவைதானா என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஒரு கடையிடம் நான் தந்த கைப்பேசி எண்ணுக்கு இருக்கும் பாதுகாப்பு, அரசாங்கத்திடம் நான் தந்த என் குடும்ப விவரத்துக்கு அதே சட்டத்தில் இல்லை. அரசாங்கத்தின் சார்பில் ஒரு நிறுவனம் அந்த விவரத்தைக் கையாளும்போது, அதைக் காக்கும் கடமை எந்த அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பது மறுபடியும் ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒப்பந்தம் நம் கண்ணில் படுவதில்லை.

இங்கே பினாங்குக்காரர்களாகிய நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தகவல் சுதந்திரச் சட்டத்தை 2010இல் நிறைவேற்றி 2015இல் அமலாக்கிய மாநிலம் இது. சிலாங்கூரிலும் அத்தகைய சட்டம் இருக்கிறது. கூட்டரசு அளவில் இல்லை. அங்கே 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம்தான் ஓங்கி நிற்கிறது. 2019இல் இங்கே கைப்பேசி வழி வாகன நிறுத்தக் கட்டண முறை வந்தபோது, சுரண்டும் கூப்பனுக்குப் பழகியிருந்த முதியவர்கள் எங்கள் மேசைக்கு வந்து செயலியைப் போட்டுத் தரச் சொன்னார்கள். அந்தச் சேவையின் ஒப்பந்தத்தைப் பார்க்க விரும்பினால், விதிவிலக்குகள் இருந்தாலும், மாநில அரசின் துறையிடமோ மாநகர் மன்றத்திடமோ விண்ணப்பம் போட எனக்கு ஒரு வழி இருக்கிறது. அதே வண்டிக்குச் சாலை வரி கட்டும் சேவையின் ஒப்பந்தத்தைக் கேட்க எனக்கு அத்தகைய வழி இல்லை. ஒரே மோட்டார் சைக்கிள். நிறுத்தினால் கேள்வி கேட்கலாம், ஓட்டினால் கேட்க முடியாது.

நல்ல விதமாக அமைந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைப் பொதுச் சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. அந்த நிதியில்தான், பலமுறை பெயர் மாறி இன்று நாடி என்று அழைக்கப்படும் இணைய மையங்கள் நடக்கின்றன. அங்கே மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார். 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோருக்கும் அடிப்படைப் பொருள்கள் வாங்க வழங்கப்பட்ட 100 ரிங்கிட் சாரா உதவியை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சம் பேருக்கு அது மைகாட் வழியே போனது. மைகாசே அறநிறுவனத்தின் அமைப்பும் தனியார் கடைகளின் பணப்பெட்டிகளும் அதைச் சுமந்தன. முதல் நாள்களில் அமைப்பு பளு தாங்காமல் தடுமாறியது உண்மை. ஆனால் எங்களிடம் வரும் முதியவர்கள் அதற்காக எந்தச் செயலியையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கடவுச்சொல் இல்லை, குறுஞ்செய்தி எண் இல்லை. ஏற்கெனவே கையிலிருந்த அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டினார்கள். தடுமாற்றத்தைப் பற்றிய விளக்கமும் நிதியமைச்சிடமிருந்து வந்தது. யாரைக் கேட்பது என்று அலைய வேண்டியிருக்கவில்லை.

கடந்த மாதம் பொதுப் புகார்ப் பிரிவின் சிஸ்பா தளம் வழியாக ஒரு நீண்ட கடிதம் அனுப்பினேன். இலக்கவியல் அமைச்சு, சேவைகளைத் தனியாரிடம் ஒப்படைக்கும் எல்லா இலாகாக்களுக்கும் ஒரு பொது நிபந்தனை வகுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்: அரசாங்கம் நியமித்தவரிடம் கட்டிய பணம் கட்டிய அந்த நொடியிலேயே அரசாங்கத்திடம் கட்டியதாகக் கருதப்பட வேண்டும், நடுவில் அது தொலைந்தால் தேட வேண்டியவர்கள் இலாகாவும் நிறுவனமும், குடிமகன் அல்லர். கட்டணம், தரவு, ஒப்பந்த முறிவு ஆகிய மூன்றைப் பற்றிய ஒப்பந்தப் பகுதிகளையாவது வெளியிட வேண்டும் என்றும், கட்டணமில்லாத ஒரு முகப்பு ஒவ்வொரு சேவைக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் எழுதினேன். கடிதம் கிடைத்ததற்கான எண் வந்திருக்கிறது. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் பணம் பதினோரு வாரங்களுக்குப் பிறகு அவருடைய கணக்குக்குத் திரும்பியது. பேரன் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் அதற்குள் அவர் அஞ்சலக முகப்பில் இரண்டாம் முறை காப்புறுதியும் வரியும் கட்டி முடித்திருந்தார். வங்கி அறிக்கையை எங்கள் மேசையில் விரித்து, தொகைக்கு நேராக விரலை வைத்து, இதை யார் அனுப்பியது என்று கேட்டார். அங்கே பன்னிரண்டு இலக்க எண் ஒன்று மட்டுமே இருந்தது.